புழுவில்லாத புழுவெட்டு

மனிதனைப் படைத்த பிரமதேவன் இரண்டு கண்களையும் முன்புறத்திலேயே வைத்துவிட்டு, தலையின் பின்புறத்தை அவன் பார்வைக்கு எட்டாதபடி செய்துவிட்டான். யோசித்துப் பார்த்தால் அதுவும் ஓர் அநுகூலமே. முதுகுக்குப் பின்னால் நடப்பதெல்லாம் தெரிந்துவிட்டால் உபாத்தியாயர் உத்தியோகத்தில் ஒருவராவது நீடித்திருக்க முடியுமா? கரும்பலகையின் பக்கம் நாம் திரும்பியதும் வகுப்பில் நடக்கும் அபிநயங்களைச் சற்று எண்ணிப் பாருங்கள்! ஆனால் அந்த அநுகூலத்திலும் ஒரு பிரதிகூலம் உண்டு என்பதை இரண்டு வருஷங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அறிந்துகொண்டோம்.

வழக்கமாகப் போகும் சலூனில், வழக்கமான நாற்காலியில், வழக்கம்போல் அரைத் தூக்கத்தில் அமர்ந்திருந்தோம். கத்தரிக்கோலின் சப்தம் திடீரென்று நின்றது. ஊர்ச் சமாசாரம் அனைத்தையும் உரத்த குரலில் சொல்லும் வழக்கமுள்ள சலூன்காரர், நம் காதருகில் குனிந்து, "ஸார், பின்னாலே ஒரு இடத்திலே முடி இல்லை. அஞ்சு ரூபாய்க் காசு அளவு இருக்கும்" என்றார்.

"எலி கடித்திருக்குமோ?" என்று வேடிக்கையாகக் கேட்டோம்.

அவர் சிரிக்கவில்லை. ஒரு கண்ணாடியை முன்னும் ஒரு கண்ணாடியைப் பின்னும் பிடித்துக் காட்டினார். பிடரிக்குச் சற்று மேலே, வெண்டைக்காய்த் தோல்போல் வழவழவென்று, வட்டமாக ஒரு வெற்றிடம். "புழுவெட்டு, ஸார்" என்று இன்னும் தணிந்த குரலில் சொன்னார். பிறகு நமக்கு உபயோகித்த சீப்பை மற்றச் சீப்புகளோடு வைக்காமல் தனியே ஒரு கிண்ணத்து மருந்து நீரில் போட்டார். அவர் செய்ததில் தவறொன்றும் இல்லை; பத்துப் பேர் வந்து போகும் இடத்தில் ஜாக்கிரதை வேண்டியதுதான். ஆயினும் அந்தச் சீப்பு கிண்ணத்தில் விழுந்த சிறு சப்தம் நம் நெஞ்சில் எங்கேயோ போய்த் தைத்தது. அது எங்கே தைத்தது என்பதை வீடு திரும்பும் வழியில்தான் கண்டுகொண்டோம்.

இருபது வருஷங்களுக்கு முந்திய விஷயம். சர்வகலாசாலைப் பட்டத்தின் மை உலருமுன் உத்தியோகத்தில் சேர்ந்திருந்தோம். ஏழாம் வகுப்புக்கு விஞ்ஞானம். மூன்றாவது பெஞ்சில் ஒரு பையன் இருந்தான். கெட்டிக்காரனும் அல்ல, மந்தமும் அல்ல. கேட்ட கேள்விக்குப் பாதி விடை தெரிந்தாலும் கையைத் தூக்கிவிடுவான். தசரா விடுமுறை கழிந்து வந்தபோது அவன் தலையில் மூன்று இடங்களில் முடி இல்லை. பக்கத்துப் பையன்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். ஒரு பையனின் தகப்பனார் கடிதம் கொடுத்தனுப்பினார். விஞ்ஞானப் பட்டதாரியாகிய நாம் என்ன செய்தோம்? ஒரு வைத்தியரைக் கேட்டோமா? ஒரு புத்தகத்தைப் புரட்டினோமா? இல்லை. அவனை ஜன்னலோரத்தில் ஒரு தனிப் பெஞ்சுக்கு மாற்றினோம். "அங்கே காற்று நன்றாக வரும்" என்று காரணமும் சொன்னோம்.

அவன் புத்தகங்களை எடுத்துக்கொண்டு, "நான் யாரையும் தொடமாட்டேன், ஸார்" என்று மட்டும் சொன்னான்.

அதன்பின் அவன் கையைத் தூக்கவில்லை. அரையாண்டுப் பரீட்சைக்குப் பிறகு பள்ளிக்கும் வரவில்லை. வேறு ஊருக்குப் போய்விட்டார்கள் என்றார்கள். நாமும் மறந்துவிட்டோம். அதாவது, சீப்பு கிண்ணத்தில் விழும்வரையில் மறந்திருந்தோம்.

இனி இந்த நோயைப்பற்றிச் சற்று விசாரிப்போம். அந்தப் பையனுக்காக அன்று செய்திருக்கவேண்டிய விசாரணையை நமக்காக இன்று செய்தோம் என்பது வெட்கத்துக்குரிய விஷயந்தான். என்றாலும், செய்யாமலிருப்பதைக் காட்டிலும் தாமதமாகச் செய்வது மேல்.

முதலில் பெயர். புழுவெட்டு என்ற சொல்லைக் கேட்டதும் ஏதோ கண்ணுக்குத் தெரியாத புழு ஒன்று மயிர்க்காலில் இருந்துகொண்டு அரித்துத் தின்கிறது என்றும், அது அடுத்தவர் தலைக்குத் தாவிவிடும் என்றும் தோன்றுகிறதல்லவா? உண்மையில் இதில் புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை, கிருமியும் இல்லை. சீப்பாலும் தலையணையாலும் துண்டாலும் இது ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதில்லை. ஆயினும் நம் முன்னோரைமட்டும் குறை சொல்வதற்கில்லை. மேல்நாட்டு வைத்தியத்தில் இதற்கு வழங்கும் 'அலோபீஷியா அரியேட்டா' என்ற பெயரின் முதற் சொல், கிரேக்க பாஷையில் நரியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. சொறி பிடித்து மயிர் உதிர்ந்த நரியைப் பார்த்து அவர்கள் வைத்த பெயர். பிடரியிலிருந்து காதோரம்வரை வளைந்து போகும் ஒரு வகைக்குப் பாம்பின் பெயரைச் சூட்டினார்கள். நாம் புழுவின்மேல் பழி போட்டோம். அவர்கள் நரியின்மேலும் பாம்பின்மேலும் போட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய டாக்டர்கள், 'கிருமியே காரணம்' என்று ஒரு கட்சியும் 'நரம்பே காரணம்' என்று ஒரு கட்சியுமாகப் பிரிந்து வெகுகாலம் வாதாடினார்கள். இரண்டு கட்சியும் ஜெயிக்கவில்லை.

குழப்பத்துக்கு ஒரு நியாயமும் உண்டு. குழந்தைகளின் தலையில் வரும் படர்தாமரை என்பது வேறு நோய். அது பூஞ்சணத்தால் உண்டாவது, தொற்றக் கூடியது. அதிலும் வட்டமாகவே முடி போகும். ஆனால் அங்கே தோல் செதிள் செதிளாக உரியும், அரிப்பு இருக்கும், முடி வேரோடு போகாமல் ஒடிந்து நிற்கும், சில சமயம் சீழும் கட்டும். புழுவெட்டிலோ தோல் வழவழப்பாக, புண்ணோ செதிளோ இன்றி இருக்கும். பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றாகத் தோன்றும் இரண்டு நோய்களுக்கு ஒரே தண்டனையை நாம் விதித்துவிட்டோம். படர்தாமரை வந்த குழந்தையைக்கூட, உரிய மருந்து கொடுக்கத் தொடங்கிய பின், பள்ளியிலிருந்து விலக்கி வைக்க வேண்டியதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறோம்.

நம் இல்லத்தரசியின் யோசனைப்படி முதலில் அடுத்த தெருவிலுள்ள ஆயுர்வேத வைத்தியரிடம் போனோம். காலேஜில் முறைப்படி படித்துப் பட்டம் பெற்றவர், தகப்பனாரிடமிருந்தும் கற்றவர். தலையைத் தொட்டுப் பார்த்தார், நகங்களையும் பார்த்தார். "வாத்தியாருக்கு வந்திருப்பது இந்திரலுப்தம்" என்றார். இந்திரன் பெயரைக் கேட்டதும் நமக்குச் சற்று கௌரவமாகவே இருந்தது. புழு அரித்தது என்று சொல்வதைவிட இந்திரன் பறித்தது என்று சொல்லிக்கொள்வது எவ்வளவோ மேலல்லவா?

சுசுருத ஸம்ஹிதையில் இந்நோய் சில்லறை நோய்களின் வரிசையில் சொல்லப்பட்டிருப்பதாக அவர் விளக்கினார். பித்தம் வாயுவோடு கூடி மயிர்க்கால்களை அடைந்து மயிரை உதிர்க்கிறது. பின்னர்க் கபம் இரத்தத்தோடு சேர்ந்து அவற்றின் வாயை அடைத்துவிடுகிறது. ஆகையால் புதிய மயிர் முளைப்பதில்லை. இதுதான் சுசுருதர் கூறும் காரணம். வாக்படர் இன்னும் ஒரு படி மேலே போய், திடீரென்று உதிர்வது இந்திரலுப்தம், படிப்படியாக உதிர்வது காலித்யம் என்று பிரித்துவிட்டார். இதைக் கேட்டபோது நமக்கு ஆச்சரியமாக இருந்தது. வயது ஆக ஆக நெற்றி ஏறி வழுக்கை விழுவது ஒன்று. ஒரு வாரத்தில் வட்டமாக முடி போவது மற்றொன்று. இரண்டும் வேறு வேறு என்பது இன்றைய வைத்தியத்திலும் முதற்பாடம். பூதக்கண்ணாடி இல்லாத காலத்தில், வெறும் கண்ணால் பார்த்து, பொறுமையாகப் பலரை ஒப்பிட்டு, இந்த வித்தியாசத்தைக் கண்டவர்களை வணங்காமலிருக்க முடியாது. இன்னொன்றும் கவனித்தோம்: சுசுருதர் சொன்ன காரணத்தில் புழுவின் பேச்சே இல்லை. பழியை அவர் புழுவின்மேலும் போடவில்லை, அடுத்தவர்மேலும் போடவில்லை. உடம்புக்குள்ளேயே ஏற்பட்ட ஒரு கோளாறு என்றுதான் சொன்னார்.

ஆனால் வணங்குவது வேறு. கண்ணை மூடிக்கொண்டு பூசிக்கொள்வது வேறு. சிகிச்சைப் பகுதியில் தலையின் இரத்தக்குழாயைத் திறந்து இரத்தம் எடுத்துவிட்டு, மனோசிலை, அன்னபேதி, மயில்துத்தம், மிளகு இவற்றை அரைத்துப் பூசச் சொல்லியிருக்கிறது. மனோசிலை என்பது பாஷாணம் அடங்கிய தாது. யானைத் தந்தத்தைக் கரியாக்கி ரஸாஞ்சனத்தோடு குழைத்துப் பூசும் முறையும் உண்டு; தந்த வியாபாரம் இன்று சட்டப்படி குற்றம். குன்றிமணியை அரைத்துப் போடுவதும் உண்டு. குன்றிமணிக்குள் இருப்பதோ கொடிய விஷம். அதைச் சுத்தி செய்யாமல் தொடக்கூடாது என்று ஆயுர்வேதமே எச்சரிக்கிறது. அப்படியிருக்க, யாரோ சொன்னார்கள் என்று வீட்டுக் குழந்தையின் தலையைச் சொரசொரப்பான துணியால் தேய்த்து, புண்ணாக்கி, அதன்மேல் குன்றிமணியை அரைத்துத் தடவுவது வைத்தியமாகாது, விபரீதம். நம் வைத்தியர் அப்படியொன்றும் செய்யவில்லை. கரிசலாங்கண்ணி சேர்ந்த தைலம் ஒன்றைக் கொடுத்து, "இதைத் தடவுங்கள். பொறுமையாக இருங்கள். சிறு வட்டம், அநேகமாகத் தானே வரும். தோல் டாக்டரையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்" என்றார். தம்மிடம் வந்தவரை மற்றொருவரிடம் அனுப்பும் வைத்தியரைக் கண்டால், நேயர்களே, அவரை விட்டுவிடாதீர்கள்!

தோல் டாக்டர் ஓர் இளம் பெண்மணி. ஒரு சிறு பூதக்கண்ணாடிக் கருவியைத் தலையில் வைத்துப் பார்த்து, அதில் தெரிந்ததைப் படமாகவும் காட்டினார். வட்டத்தின் ஓரத்தில் சில குட்டை மயிர்கள் நின்றன: மேலே தடித்து, கீழே வர வர மெலிந்து. "இவற்றுக்கு வியப்புக்குறி மயிர் என்று பெயர், ஸார்" என்றார். பிள்ளைகளின் கட்டுரை நோட்டுகளில் அநாவசியமான வியப்புக்குறிகளைச் சிவப்பு மையால் அடித்து அடித்து நம் விரல் தேய்ந்திருக்கிறது. அவையெல்லாம் ஒன்று கூடி நம் தலையிலேயே வந்து குடியேறிவிட்டன போலும்!

அவர் சொன்ன விளக்கம் இது. நம் இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் உடம்பின் காவற்காரர்கள். அந்நியக் கிருமி வந்தால் அடித்து விரட்டுவது அவற்றின் தொழில். வளரும் பருவத்திலுள்ள மயிர்க்காலின் அடிப்பகுதிக்கு இயற்கை ஒரு தனிச் சலுகை அளித்திருக்கிறது. காவற்காரர்கள் சாதாரணமாக அதனுள் நுழைந்து சோதனை போடுவதில்லை. ஏதோ காரணத்தால் அந்தச் சலுகை குலைந்துபோகும்போது, காவற்காரன் வீட்டுக்காரனையே திருடன் என்று நினைத்து அடிக்கத் தொடங்குகிறான். மைக்ராஸ்கோப்பின்கீழ் பார்த்தால் மயிர்க்காலின் அடியைச் சுற்றி வெள்ளணுக்கள் தேனீக் கூட்டம்போல் மொய்த்திருக்குமாம். மயிர் உதிர்ந்துவிடுகிறது, ஆனால் வேர் சாவதில்லை. காவற்காரனுக்குப் புத்தி தெளிந்தால் வருஷங்கள் கழித்துக்கூட முடி மீண்டும் முளைக்கும். கறுப்பு மயிர் உதிர்ந்து நரைமயிர் மட்டும் தப்புவதும் உண்டு. முளைக்கும்போதும் முதலில் வெண்மையாகவே முளைப்பது வழக்கம்.

"ஏதாவது கவலையினால் வந்திருக்குமோ?" என்று கேட்டோம்.

"சிலர் அப்படிச் சொல்கிறார்கள். அதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. சாப்பாட்டாலும் வரவில்லை, எண்ணெயாலும் வரவில்லை, அசுத்தத்தாலும் வரவில்லை. குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் வருவதற்கு இடம் சற்று அதிகம். தைராய்டுக் கோளாறு, வெண்படை இவை இருப்பவர்களுக்கும் சற்று அதிகமாக வருகிறது. நூற்றில் இரண்டு பேருக்கு ஆயுளில் ஒரு முறையாவது வரக்கூடியதுதான்" என்றார்.

நூற்றில் இரண்டு! மனத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியில் இருபது பேர், இன்றோ, என்றோ, இந்த வட்டத்தைத் தலையில் காண்பார்கள். இருபது தனிப் பெஞ்சுகள்!

சிகிச்சையைப்பற்றிக் கேட்டபோது டாக்டர் அம்மாள் புன்னகையுடன், "சிறு திட்டு மட்டும் உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஒரு வருஷத்துக்குள் தானாகவே வளர்ந்துவிடும். காத்திருக்கலாம். அவசரமானால் ஸ்டீராய்டு மருந்தைச் சிறு சிறு துளியாக அந்த இடத்தில் ஊசியால் போடலாம். நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை" என்றார். அடுத்த தெரு வைத்தியரும் ஆஸ்பத்திரி டாக்டரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. ஆயினும் முதல் வார்த்தை இருவருக்கும் ஒன்றாகவே இருந்தது: காத்திருங்கள்.

நாம் காத்திருந்தோமா? அதுதான் இல்லை. ஊசியும் போட்டுக்கொண்டோம், தைலமும் தடவிக்கொண்டோம். இதற்கிடையில் ஊரிலிருந்து நம் மாமியார் வந்து சேர்ந்தார். "என்ன மாப்பிள்ளை இது? சின்ன வெங்காயத்தை நறுக்கி நாலு நாள் தேய்த்தால் போகிற விஷயத்துக்கு ஊசியும் கீசியுமா?" என்றார். மாமியார் வார்த்தைக்கு மறுவார்த்தை ஏது? காலையில் வெங்காயம், இரவில் தைலம், மாதம் ஒரு முறை ஊசி. வகுப்பில் நாம் நுழைந்தால் பிள்ளைகள் மத்தியான்னச் சாம்பாரை நினைத்துக்கொண்டார்கள்.

நாலாவது மாதத்தில் அந்த இடத்தில் மெல்லிய வெள்ளை மயிர்கள் தலைகாட்டின. வீட்டில் யுத்தம் மூண்டது. "வெங்காயம் என்ன செய்கிறது பார்த்தீர்களா?" என்றார் மாமியார். தைலம் காய்ச்சியவரின் கைராசி என்றாள் இல்லத்தரசி. காலேஜில் படிக்கும் மைத்துனன் ஊசியின் கட்சி. எந்தக் கட்சியிலும் சேராமல் நாம் மௌனமாக இருந்தோம். ஏனென்றால் ஒரு விஷயம் நமக்கு நன்றாகப் புரிந்துவிட்டது: பிள்ளைகளுக்கு இருபது வருஷமாக எதைச் செய்யாதே என்று போதித்துவந்தோமோ, அதையே நாம் செய்திருந்தோம். ஒரு பரிசோதனையில் ஒரே சமயத்தில் மூன்று விஷயங்களை மாற்றினால் எது வேலை செய்தது என்று யாரும் சொல்ல முடியாது. அன்றியும், ஒன்றுமே செய்யாதிருந்தால்கூடப் பாதிப் பேருக்கு வளர்ந்திருக்கும்.

இந்நோயின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது என்று நமக்குத் தோன்றுகிறது. தானாகக் குணமாகும் நோய்க்கு உலகத்திலுள்ள மருந்துகள் அனைத்தும் மருந்தாகிவிடுகின்றன. எதைத் தடவினாலும் பாதிப் பேர் பிழைக்கிறார்கள். பிழைத்தவர்கள் ஊரெங்கும் சொல்கிறார்கள். பிழைக்காதவர்கள் வாயை மூடிக்கொண்டு வேறு வைத்தியரிடம் போகிறார்கள். ஆகையால் ஒரு மருந்து உண்மையில் மருந்துதானா என்று அறிய, அதைப் பூசிக்கொண்டவர்களைப் பார்த்தால் போதாது. பூசிக்கொள்ளாதவர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மாமியாரின் வெங்காயத்துக்கும் இப்படி ஒரு சோதனை நடந்திருக்கிறது என்பதை நேயர்கள் அறிந்தால் ஆச்சரியப்படுவார்கள். 2002-ஆம் வருஷத்தில் பாக்தாத் நகரத்து டாக்டர்கள் ஒரு ஜப்பானியத் தோல் வைத்தியப் பத்திரிகையில் அதை வெளியிட்டார்கள். வெங்காயச் சாறு தடவிய 23 பேரில் 20 பேருக்கு ஆறு வாரத்தில் முடி வளர்ந்தது. வெறும் குழாய்த் தண்ணீர் தடவிய 15 பேரில் 2 பேருக்கு வளர்ந்தது. இதைப் படித்துச் சொன்னதும் மாமியாரின் முகத்தில் தோன்றிய பிரகாசத்தை வர்ணிக்க நம்மால் ஆகாது. ஆனால் 38 பேரைக் கொண்டு ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொல்ல முடியாது. பெரிய அளவில், பல இடங்களில் செய்து பார்த்தாலன்றி அது ஒரு நம்பிக்கைக் குறியே தவிர முடிவல்ல. தண்ணீருக்கும் இரண்டு சாட்சிகள் கிடைத்திருப்பதை மறக்கக்கூடாது!

தோலைச் சற்று எரியச் செய்து முடியை வரவழைப்பது என்ற யுக்தி புதிய வைத்தியத்திலும் இருக்கிறது. வேண்டுமென்றே ஒவ்வாமையை உண்டாக்கும் மருந்தைத் தலையில் தடவி, வெள்ளணுக்களின் கவனத்தை மயிர்க்காலிலிருந்து வேறு பக்கம் திருப்பப் பார்க்கிறார்கள். சுசுருதரின் மிளகுப் பூச்சுக்கும் இதற்கும் ஒரு சாயல் தெரிகிறதல்லவா? தெரிகிறது, ஆனால் சாயல் வேறு, நிரூபணம் வேறு. 'எல்லாம் நம்மிடம் அன்றே இருந்தது' என்று மார் தட்டுவதும், 'நம்மிடம் ஒன்றுமே இல்லை' என்று தலை குனிவதும் ஒரே சோம்பலின் இரண்டு முகங்கள். நம்முடையது என்பதற்காக ஒன்றைச் சோதிக்காமல் விடுவது அதற்கு நாம் செய்யும் மரியாதை அன்று. தங்கம் என்று நம்புகிறவன் உரைகல்லுக்கு ஏன் அஞ்ச வேண்டும்?

இதுவரை நகைச்சுவையாகப் பேசினோம். நம்முடையது ஒரு காசளவு வட்டமாகையால் அது சாத்தியமாயிற்று. சிலருக்கு அது தலை முழுவதும் பரவிவிடுகிறது; சிலருக்குப் புருவமும் இமைமயிரும்கூடப் போய்விடுகின்றன. அவர்களிடம் போய், 'காத்திருங்கள், தானே வரும்' என்று சொல்வது ஆறுதலாகாது. அவர்களில் பெரும்பாலோருக்குத் தானே வருவதில்லை. கல்யாணத்துக்கு நிற்கும் ஒரு பெண்ணுக்கோ, பத்து வயதுக் குழந்தைக்கோ இது உயிருக்கு ஆபத்தில்லாத நோய் என்று சொல்வது எளிது. அந்த முகத்தோடு கண்ணாடியின் முன் நிற்பது எளிதல்ல.

அவர்களுக்காகச் செய்யப்பட்ட ஆராய்ச்சி நெஞ்சை உருக்குவது. அமெரிக்காவில் கொலம்பியா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆஞ்செலா கிறிஸ்டியானோ என்ற பெண் விஞ்ஞானிக்கே இந்த நோய் வந்தது. அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் 2010-ஆம் வருஷத்தில், இதற்குக் காரணமான மரபணுக்களில் பல, முடக்குவாதம் போன்ற, உடம்பு தன்னையே தாக்கிக்கொள்ளும் நோய்களோடு தொடர்புடையவை என்று வெளியிட்டார்கள். முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மருந்து இதற்கும் உதவுமா என்ற கேள்வி அதிலிருந்து பிறந்தது. வெள்ளணுக்களுக்குள் செய்தியைக் கொண்டு செல்லும் 'ஜானஸ் கைனேஸ்' என்னும் பொருளைத் தடுக்கும் மருந்துகளே அவை. 2014-இல் சில நோயாளிகளுக்குப் பலன் தெரிந்தது. பாரிசிடினிப் என்ற மாத்திரையை 2022-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் அமெரிக்க மருந்து நிர்வாகம் கடுமையான புழுவெட்டுக்கு அங்கீகரித்தது. 2023-இல் ரிட்லெசிடினிப் என்ற மருந்தைப் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் அங்கீகரித்தது.

இவையும் அமிர்தமல்ல. பாரிசிடினிப் சோதனைகளில், அதிக அளவு மருந்து சாப்பிட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கே 36 வாரங்களில் தலையில் ஐந்தில் நாலு பங்காவது முடி நிரம்பியது. ஆனால் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்குமேல் அப்படி நிரம்பவில்லை. பக்கத்தில் வைத்துப் பார்ப்பது என்று நாம் சொன்னது இதைத்தான். மருந்தை நிறுத்தினால் முடி மறுபடியும் உதிர்வதுண்டு. தொற்று நோய்களும் இரத்தம் உறைதலும் போன்ற அபாயங்கள் இருப்பதால், டாக்டரின் கண்காணிப்பில்லாமல் தொடக்கூடாத மருந்துகள் இவை. காசளவு வட்டத்துக்கு இவற்றைத் தேடிப் போகவேண்டியதில்லை.

நம் தலையில் இப்பொழுது முடி நிரம்பிவிட்டது. ஆனால் அந்த இடம் மட்டும் முழுதும் கறுக்கவில்லை. கரிய வானத்தில் பிறை வைத்தாற்போல் ஒரு வெள்ளைக் கீற்று நின்றுவிட்டது.

இந்த வருஷம் ஜூலை மாதத்தில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வந்தாள். இடைவேளையில் பக்கத்துப் பெண்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். 'புழு' என்ற சொல் நம் காதில் விழுந்தது. அன்று நடத்தவேண்டிய பாடம் உஷ்ணமும் வெளிச்சமும். அதை மூடி வைத்துவிட்டு வெள்ளணுக்களைப்பற்றிப் பாடம் நடத்தினோம். அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பவே இல்லை, பெயரையும் எடுக்கவில்லை. காவற்காரன் கதையைச் சொல்லி, "இந்த அடி யாருக்கு விழுந்தது என்று பார்க்கவேண்டுமா?" என்று கேட்டு, வகுப்புக்கு முதுகைக் காட்டி நின்று, தலையைக் குனிந்து வெள்ளைக் கீற்றைக் காட்டினோம்.

ஒரு கணம் நிசப்தம். பிறகு வகுப்பே சிரித்தது. முதுகுக்குப் பின்னால் நடக்கும் அபிநயங்களுக்கு அன்று நாமே அநுமதி கொடுத்திருந்தோம். "தொட்டுப் பார்க்கலாமா, ஸார்?" என்று ஒரு பையன் கேட்டான். "பார்க்கலாமே" என்றோம். நாலைந்து பேர் வந்து தொட்டுப் பார்த்தார்கள். மறு நாள் அந்தப் பெண் துணியைக் கட்டிக்கொண்டுதான் வந்தாள். ஆனால் தன் பழைய பெஞ்சில், இரண்டு பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

இருபது வருஷங்களுக்கு முன் இதைச் செய்திருக்கலாம். அதற்கு வைத்திய ஞானம்கூட வேண்டியதில்லை. ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அந்தப் பையனுக்கு இப்பொழுது முப்பத்திரண்டு வயது இருக்கும். அவன் தலையில் முடி வளர்ந்திருக்கலாம், வளராமலும் இருக்கலாம். எங்காவது ஒரு வீட்டில் இந்தப் பக்கம் அவன் கண்ணில் படுமானால் அவனுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: அப்பா, அந்த ஜன்னலோரத்தில் காற்று நன்றாக வரும் என்று சொன்னது பொய். உன்னிடமிருந்து யாருக்கும் எதுவும் தொற்றியிருக்காது. தொற்று நம்மிடந்தான் இருந்தது.